ஜவ்வாது மலைச் சரிதம் – 9: கூட்டாளியின் கண்

இந்த அத்தியாயத்தை ஒரு கணிப்பொறி விளையாட்டிலிருந்து தொடங்குவதற்கு வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இத்தொடருக்கு வேண்டிய இடங்களை நேரில் கண்டு வரும் பொருட்டுச் சென்ற தை மாதத்தில் ஜமுனாமரத்தூரில் சில நாள் தங்கியிருந்தேன்; அப்போது நான் இருந்த வீட்டுக்காரரின் பேரன், சமவெளியில் கல்லூரி படித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்திருந்தவன், மலைக்குளிருக்குக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நள்ளிரவு வரையில் ஓர் உலகத்தை ஆண்டுகொண்டிருந்தான். ‘சிவிலைசேஷன்’ என்பது அவ்விளையாட்டின் பெயர். 2005-ல் வெளிவந்த நான்காம் பாகம். ஆட்டக்காரன் தன் மனிதர்கள் கால்வைத்த நிலத்தை மட்டுமே அதில் காண்பான். மற்றதெல்லாம் கரிய திரைக்குள் கிடக்கும். ஒரு ராஜ்யம் காகிதம் செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்ட பிறகே தன் உலகப் படத்தைப் பிற ராஜ்யங்களோடு பண்டமாற்றுச் செய்துகொள்ள அந்த ஆட்டம் இடங்கொடுக்கிறது என்று அவன் சொல்லக் கேட்டு, இதை இயற்றியவர்கள் சரித்திரம் அறியாதவர்களல்லர் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். 1999-ல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்திலோ, சந்தைக் கட்டடத்தில் பொருள் செலவிட்டு வரைபடக் கலையைப் பயின்ற பிறகுதான் கூட்டாளியின் படைகள் காண்பதெல்லாம் நம் கண்ணுக்கும் தெரியத் தொடங்குமாம். கூட்டாளியின் கண்ணுக்கும் ஒரு விலை உண்டு என்பது அவர்கள் கொள்கை.

அன்றைய ஆட்டத்தில் அண்டை ராஜா ஒருவன் படத்தைக் கேட்டு வந்து நின்றான். பையன் மறுத்துவிட்டான்.

“கூட்டாளிதானே அப்பா, கொடுத்தால் என்ன?” என்று கேட்டேன்.

“இன்னிக்குக் கூட்டாளி தாத்தா. நாளைக்கு அவனே படையெடுத்து வந்தான்னு வச்சுக்கங்க, குடுத்த மேப்பைத் திருப்பி வாங்க முடியுமா?” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவனுடைய வீட்டு வாசலில் நின்றால் பகலில் தெரிகிற மலைச்சரிவுக்கு அப்பால், கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும், இரண்டு யுத்தங்களில் நான்கு ராஜ்யங்களின் சேனைகள் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் திண்டாடின. அந்தத் திண்டாட்டமே இந்த இதழின் விஷயம்.

ஆனால் கிழக்கிந்தியக் கும்பினியாரின் காலத்துக்கு வருமுன் நெடுங்காலம் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், தான் நடந்த வழியைப் பிறனுக்குச் சொல்லிக்கொடுப்பதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிக்கொண்டவர்கள் நம்முடைய முன்னோர்கள், அவ்வகை நூல்களில் மிகப் பெரியதோ இந்த மலையின் அடிவாரத்தையே களமாகக் கொண்டது. பத்துப்பாட்டில் கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும் மலைபடுகடாம், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் செங்கத்து அரசனாகிய நன்னன் சேய் நன்னன் மீது பாடியது. 583 அடிகள் கொண்டது. ஜவ்வாது மலையில் பிறந்து இறங்கும் சேயாறும், பர்வதமலை என்று அறிஞர்கள் கருதும் நவிரமும் அதில் வருகின்றன. பரிசில் பெற்றுத் திரும்புகிற கூத்தன் எதிர்ப்பட்ட வேறொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்த அந்தப் பாட்டை, பரிசிலையும் புகழையும் ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் வழிக்குறிப்பாகப் படித்துப் பார்ப்பவருக்கு, ஒரு படைத்தலைவன் தன் முன்னணி வேவுகாரனிடம் எதிர்பார்க்கக்கூடிய செய்திகள் ஏறக்குறைய முழுவதும் அதில் அடங்கியிருப்பது விளங்கும். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்குமிடம், ஆகையால் விடிந்த பின்னரே நடக்க வேண்டிய இடம்; தினைப்புனங் காப்பவர் யானையை விரட்டக் கவணால் எறியும் கல் வந்து விழும் பாதை, அங்கே மரத்தின் மறைவில் ஒதுங்கிச் செல்லும் முறை; வழுக்கும் பாறை, பற்றிக்கொள்ள வேண்டிய கொடி; உபசரிக்கும் ஊர் எது, காவற்காடு எது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறான்.

அவற்றுள் ஒன்று என் மனத்தைவிட்டு அகலுவதே இல்லை. பாதைகள் பிரிந்து மயங்குகிற இடத்தில், பின்னால் வருகிற புதியவர்கள் திசை தவறாதபடி புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்று அவன் சொல்கிறான். காகிதமும் இல்லை, மையும் இல்லை. ஒரு பிடிப் புல், ஒரு முடிச்சு. பின்னால் வருகிறவன் யாரென்று முடிகிறவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்ற அவசியமும் இல்லை, இருவருக்கும் பசி ஒன்று, போகுமிடம் ஒன்று. அரசர்களின் கூட்டணியில் இல்லாத சௌகரியம் இது. ஒற்றாடல் அதிகாரத்தில் ஒற்றரை ஒருவரையொருவர் அறியாமல் ஏவி, மூவர் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்று அரசனுக்கு அத்தனை நுட்பமாகச் சொல்லிவைத்த வள்ளுவனார், அப்படித் தெளிந்த செய்தியை நட்பரசனுக்குச் சொல்லலாமா, கூடாதா என்பதைப் பற்றி அங்கே வாய்திறக்கவில்லை.

இனி 1766-க்கு வருவோம். அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் தேதி ஹைதராபாத் நிஜாம் அலி கானும் சென்னைக் கும்பினியாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர்; வடசர்க்கார்களைக் கும்பினிக்கு விட்டுக்கொடுப்பது, பதிலுக்குக் கும்பினி நிஜாமுக்குச் சேனை உதவி செய்வது என்பது அதன் சாரம். அவ்வுதவியின்படி கர்னல் ஜோசப் ஸ்மித் நிஜாமின் பாளையத்தோடு சேர்ந்து மைசூரை நோக்கிப் போனார். ஒரே பாளையத்தில் தங்கி ஒரே பாதையில் நடக்கிற கூட்டாளிக்கு எது ரகசியம்? கும்பினிச் சேனையின் பலமும், பலவீனமும், மாடுகளின் பஞ்சமும், சென்னைக் கவுன்சிலாரின் தயக்கமும் நிஜாமின் மந்திரிகளுக்குத் தினசரிக் காட்சியாயின. 1767-ன் கோடையில் அந்த நிஜாமே மைசூரை ஆண்ட ஹைதர் அலியோடு கைகோத்துக்கொண்டான். ஸ்மித் தம் சிறிய படையோடு விலகி வந்து, மலைக்கு மேற்கே உள்ள பாராமகால் சீமையில் இரண்டு பெருஞ் சேனைகளையும் எதிர்நிற்க இயலாதவராய், காவேரிப்பட்டணத்திலிருந்து சிங்காரப்பேட்டை வழியாக, ஜவ்வாது மலையின் தென்புறத்தை ஒட்டிய செங்கம் கணவாயில் பின்வாங்கினார்.

இன்று திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்து அவ்வழியாகத்தான் போகிறது. சாலையோரத்தில் ஒரு குன்றை யார் முதலில் பிடிப்பது என்பதில்தான் 1767 செப்டம்பர் 3-ஆம் தேதிச் சண்டையின் கதி தீர்மானமாயிற்று. கும்பினிப் படை முந்திக்கொண்டது. செங்கத்தில் சண்டையை ஜயித்த ஸ்மித், அரிசி இல்லாமையால் இரவிலும் நடந்து திருவண்ணாமலைக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று என்பது அந்த வெற்றியின் தரத்தைச் சொல்லும். செப்டம்பர் 26-ல் திருவண்ணாமலையருகே மறுபடியும் யுத்தம் மூண்டு, அதில் ஹைதரும் நிஜாமும் தோற்றபின், நிஜாமின் மனம் மறுபடி புரண்டது. 1768 பிப்ரவரி 23-ல் கும்பினியோடு புதிய உடன்படிக்கை. ஆகப் பதினைந்தே மாதத்தில் அவன் இரண்டு தரப்பின் பாளையங்களையும் உள்ளிருந்து பார்த்துவிட்டான். ஜமுனாமரத்தூர்ப் பையனின் ராஜ்யத்தில் அவனுக்குப் படம் கிடைத்திராது.

இடையில், நவம்பர் மாதத்தில் ஹைதர் ஆம்பூரை முற்றுகையிட்டதும், காப்டன் கால்வர்ட் மலைக்கோட்டையில் நின்று டிசம்பர் முதல் வாரம் வரையில் தாக்குப்பிடித்ததும், அந்தப் பட்டாளத்துக்குப் பிற்காலத்தில் ஆம்பூர்ப் பாறையே சின்னமாக வாய்த்ததும் பலரும் எழுதியவை. நான் கடந்து செல்கிறேன். ஆனால் ஆம்பூர் என்ற ஊரைக் கடந்து செல்ல முடியாது.

பாலாற்றங்கரையில், ஜவ்வாது மலையின் வடமேற்குச் சரிவுக்கு எதிரே இருக்கும் அவ்வூரை இன்று தோலுக்கும் பிரியாணிக்குமாக உலகம் அறியும். 1788-ல் அது ஆற்காட்டு நவாபின் எல்லைக் காவல் ஊர். அங்கிருந்து மேற்கே சிறிது தூரத்தில் வாணியம்பாடி. அது ஹைதரின் மகன் திப்பு சுல்தானுடையது. இந்த விளிம்பில்தான் கும்பினியார் தங்கள் வேவுச் செய்தி இலாகாவை அமைத்தார்கள். அதன் தலைவர் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு உதவியாக 1788 ஆகஸ்டில் நியமனம் பெற்றவர், பிற்காலத்தில் சென்னைக் கவர்னராகி, தீவுத்திடலருகே சேணமில்லாக் குதிரைமீது இன்றும் வீற்றிருக்கிற தாமஸ் மன்றோ. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. பார்ஸியும் ஹிந்துஸ்தானியும் முயன்று பயின்றுகொண்டிருந்தார். முதலில் குண்டூரைக் கைக்கொள்ளப் போன படையோடு இருந்துவிட்டுப் பிறகு ஆம்பூருக்கு வந்து, 1790-ல் யுத்தம் தொடங்கும் வரையில் ரீடின்கீழ் அங்கேயே பணிசெய்தார்.

அந்த இலாகாவின் தொழிலில் கற்பனைக் கதைகளின் மாயம் ஒன்றும் கிடையாது. செய்தி கொண்டோடும் ஹர்க்காராக்கள் கணவாய் ஏறிப் போவார்கள், வருவார்கள். இன்ன பாதையில் பீரங்கி வண்டி ஏறுமா, ஏறினால் எத்தனை ஜோடி மாடு பூட்ட வேண்டும், இன்ன ஏரியில் சித்திரையில் நீர் நிற்குமா, புல் உண்டா, கோட்டைக் காவலுக்கு எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் எத்தனை மாதம் பாக்கி: கேட்டறிய வேண்டியவை இவையே. மலைபடுகடாத்துக் கூத்தன் சொன்னவற்றுக்கும் இவற்றுக்கும் எத்தனை வேற்றுமை இருக்கிறது? கூத்தன் வழிப்போக்கனுக்குச் சொன்னான். ஹர்க்காரா எஜமானனுக்குச் சொன்னான் என்பதுதான்.

1790 ஜூன் 1-ல் புனாவில் சார்லஸ் மேலட்டும், ஜூலை 4-ல் பாங்கலில் காப்டன் கென்னவேயும் முறையே மராட்டியப் பேஷ்வாவோடும் நிஜாமோடும் கையெழுத்திட்ட உடன்படிக்கைகளால் மும்முனைக் கூட்டணி ஒன்று திப்புவுக்கு எதிராக உருவாயிற்று. பிடிக்கும் தேசத்தைச் சமபங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவரை விட்டு ஒருவர் தனியாகச் சமாதானம் செய்துகொள்ளலாகாது. வாங்கும் நிலத்தைப் பங்கிடுவதில் அத்தனை கருத்தாக இருந்தவர்கள், வரும் செய்தியைப் பங்கிடுவதை அவரவர் தூதர்களின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டார்கள். அதன் பலனைச் சொல்லுமுன், ஒரே கொடியின்கீழ் நின்ற இரண்டு படைகளே ஒன்றையொன்று காணமாட்டாமல் பாராமகாலில் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

அவ்வாண்டு அக்டோபரில் கர்னல் மாக்ஸ்வெல் கர்நாடகப் பக்கமிருந்து பாராமகாலுக்குள் புகுந்தார். திப்பு கோயம்புத்தூர்ச் சீமையிலிருந்து அவர்மேல் பாய்ந்தோடி வந்தான். ஜெனரல் மெடோஸ் திப்புவின் பின்னால் வந்தார். நவம்பர் மத்தியில் தொப்பூர்க் கணவாயைத் தாண்டி இறங்கிய மெடோஸின் முன்னணியாருக்குத் தொலைவில் நீண்ட வரிசையாகக் கூடாரங்கள் தென்பட்டன. மாக்ஸ்வெல்தான் காத்திருக்கிறார் என்ற மகிழ்ச்சியில், வந்துவிட்டோம் என்பதை அறிவிக்கச் சைகைப் பீரங்கி முழக்கினார்கள். சற்று நேரத்தில் அக்கூடாரங்கள் விழுந்தன, படைகள் நகர்ந்தன. அது திப்புவின் பாளையம். தன் வரவைத் தானே பகைவனுக்குப் பறையறைந்து சொன்ன சேனை என்று இதைச் சொல்லலாம். நவம்பர் 17-ல் மெடோஸும் மாக்ஸ்வெல்லும் ஒருவாறு சந்தித்தார்கள். திப்பு வந்த கணவாய் வழியாகவே நழுவிவிட்டான். ஆம்பூரில் இரண்டு வருஷம் சேகரித்த பாதைக்குறிப்புகளெல்லாம் இருந்தும், தோழனின் கூடாரத்துக்கும் பகைவனின் கூடாரத்துக்கும் பேதம் சொல்ல ஒரு குதிரைக்காரன் அன்று முன்னே போகவில்லை.

மெடோஸ் மெச்சத்தக்க வீரர், அவ்வளவே. 1791 ஜனவரி இறுதியில் சேனாதிபத்தியத்தைத் தாமே ஏற்ற கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வேறு தரத்து மனிதர். அவர் பிப்ரவரி 11-ல் வேலூர் வந்து, அங்கிருந்து ஆம்பூர்க் கணவாய் வழியாகவே மைசூருக்கு ஏறப்போவதாகப் பாவனை செய்தார். ஆம்பூரில் கும்பினியின் வேவுச்சாலை இருப்பது திப்புவின் வேவுகாரருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்ததுதான் விசேஷம். சந்தேகமில்லாத வழி ஆம்பூர் வழியே என்று எண்ணித் திப்பு கணவாய்த் தலைகளைக் காக்கப் போனான். காரன்வாலிஸ் திடீரென்று வடக்கே சித்தூருக்குத் திரும்பி, முகிலிக் கணவாயில் ஒரு குண்டும் சுடாமல் பீடபூமியின்மேல் ஏறிவிட்டார். மார்ச் மாதத்தில் பெங்களூர் விழுந்தது. பகைவனுக்குப் பொய் வரைபடத்தை விற்ற வித்தை என்று பையனுக்கு இதைச் சொன்னேன்; அதற்கு அவன் விளையாட்டில் பொத்தான் இல்லையென்று குறைப்பட்டுக்கொண்டான்.

ஏப்ரலில் நிஜாமின் குதிரைப்படை, பதினாயிரத்தை ஒட்டியது, காரன்வாலிஸோடு வந்து சேர்ந்தது. கனத்த பீரங்கிகளை இழுத்துக்கொண்டு ஊரும் சேனைக்குச் சுற்றிலும் பத்து மைல் பார்வை தருவது குதிரைப்படையின் கடமை. வந்த சேனையோ கும்பினிக் காவலரணைத் தாண்டிப் போகவே மனமில்லாமல், உள்ள புல்லையும் தானியத்தையும் தின்றுகொண்டு உள்ளேயே கிடந்தது. கண் என்று நினைத்து வருவித்தது வயிறாக வந்து வாய்த்தது. அந்த வயிற்றுக்கும் சேர்த்து, ரீட் ஆம்பூரில் தானியம் சுமந்து விற்கும் பிரிஞ்சாரிகளைத் திரட்டி, பொதிமாடுகளின்மேல் அரிசியேற்றிக் கணவாய் வழியாக அனுப்ப வேண்டியதாயிற்று. செய்தி சேகரித்துப் பழகிய கை, எந்த ஊரில் எத்தனை மாடு என்பதையும் அறிந்திருந்தது.

மே 15-ல் அரிக்கெரெயில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சில மைல் கிழக்கே, காரன்வாலிஸ் திப்புவை முறியடித்தார். ஆனால் மழை முந்திக்கொண்டது, மாடுகள் சாயத் தொடங்கின, பாளையத்தில் பெரியம்மை. மராட்டியச் சேனையைப் பற்றித் தகவலே இல்லை. பரசுராம் பாவு பட்வர்த்தன் தார்வார்க் கோட்டையின் முற்றுகையில் ஆறு மாதத்துக்கு மேல் அகப்பட்டுக்கொண்டு, ஏப்ரல் தொடக்கத்தில்தான் விடுபட்டவர். ஹரிபந்த் பட்கே வேறொரு வழியாக வருகிறவர். எங்கே வந்துகொண்டிருக்கிறார்கள்? ஒரு மாதத் தொலைவா, ஒரு நாள் தொலைவா? மே 22-ஆம் தேதி, இழுத்துச் செல்ல மாடில்லாமல், காரன்வாலிஸ் தம்முடைய முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துப் புதைக்கச் செய்தார். சென்னையிலிருந்து மாதக்கணக்காக, கஜக்கணக்காக இழுத்து வந்த பீரங்கிகள். பிறகு பெங்களூரை நோக்கித் திரும்பினார்.

சில நாளில், திரும்பும் சேனையின் பக்கத்தில் ஒரு குதிரைக்கூட்டம் தோன்றிற்று. திப்புவின் குதிரைகளே வந்துவிட்டனவென்று சிப்பாய்கள் அணிவகுத்துத் துப்பாக்கி நீட்டினார்கள். முன்னால் வந்த ஒருவன் கையை உயர்த்தித் தான் மராட்டியன் என்று கூவினான். பாவும் பந்தும் தங்கள் முழுச் சேனையோடும் அத்தனை அருகில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கடிதம் அனுப்பாமலில்லை, இவர்களும் அனுப்பாமலில்லை. அனுப்பிய ஒவ்வொன்றையும் திப்புவின் இலேசுக் குதிரைக்காரர்கள் வழியிலேயே மறித்துவிட்டார்கள். இரண்டு கூட்டாளிகளுக்கு நடுவே முப்பது நாற்பது மைல் அகலத்தில் ஒரு கரிய திரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் திப்பு. இரு தரப்பின் கடிதங்களையும் படித்தறிந்தவனும் அவன் ஒருவனே. ஒரே ஒரு ஓலை தப்பிப் போயிருந்தால் அந்தப் பீரங்கிகள் உடைந்திரா. யுத்தம் அடுத்த ஆண்டுவரை நீண்டிராமலும் இருக்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

மராட்டியப் பாளையத்தில் கடைத்தெரு இருந்தது. பட்டினியில் வாடிய கும்பினிச் சேனை அங்கே ஓடிற்று. ஆங்கிலக் கம்பளித்துணியும் பேனாக்கத்தியும் காஷ்மீர்ச் சால்வையும் கொங்கணத்துக் கருவாடும் ஒரே வீதியில் விற்றதாக மார்க் வில்க்ஸ் தம்முடைய மைசூர்ச் சரித்திரத்தில் வியந்து எழுதியிருக்கிறார். தானியமும் இருந்தது, ஆனால் கூட்டாளி விலைக்கல்ல, சந்தை விலைக்கு, அந்தச் சந்தையின் விலையும் அன்று ஏறித்தான் இருந்தது.

லண்டனில் ஜேம்ஸ் ரென்னல் இந்தச் சேனைகள் நடந்த பாதைகளைச் சேர்த்து வரைந்து, 1790, 1791-ஆம் ஆண்டுகளின் படைநடைப் படங்களாக 1792-ல் வெளியிட்டார். ஒருவரையொருவர் காணாமல் தடுமாறிய அத்தனை பேரின் சுவடுகளும் அந்தத் தாளில் வெவ்வேறு கோடுகளாக, பக்கத்தில் பக்கத்தில், மிகத் தெளிவாகத் தெரிகின்றன. 1792 மார்ச் 18-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் ராஜ்யத்தில் பாதியையும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்கச் சம்மதித்து, இரண்டு புதல்வர்களைப் பிணையாக அனுப்பினான். பங்கீட்டில் பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது; ஜவ்வாது மலையின் மேற்குச் சரிவும் அதனோடு வந்தது. அதை ஆளுவதற்கு வருமான இலாகாவில் அனுபவமுள்ள ஒருவரைத் தேடாமல், அவ்வூர்ப் பாதைகளையும் ஏரிகளையும் மாடுகளையும் முன்னமே வேவு பார்த்து வைத்திருந்த அலெக்ஸாண்டர் ரீடையே காரன்வாலிஸ் அனுப்பினார். மன்றோவும் மக்லியோடும் கிரகாமும் அவருக்கு உதவி. ஆம்பூரில் படைக்காகக் கேட்ட கேள்விகளையே திருப்பத்தூரில் வரிக்காகக் கேட்கத் தொடங்கினார்கள்.

நான் புறப்பட்ட நாளன்று அந்தப் பையன் பீமன் அருவிக்கு வழிகாட்ட உடன் வந்தான். ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், கைபேசியில் தேடிப்பார்த்தான். அங்கே சமிக்ஞை எட்டவில்லை. சாமை அறுத்துக்கொண்டிருந்த பாட்டியைக் கூப்பிட்டு, “ஆயா, எந்தப் பக்கம்?” என்றான். அவள் அரிவாளாலேயே காட்டினாள்.

ஜான் மேதர் என்னும் நில அளவையாளர் 1794-ல் தொடங்கிப் பாராமகாலை முதன்முதலாக அளந்து படமாக்கிய வரலாறும், அவருடைய அளவுச் சங்கிலி மலையடிவாரத்தில் வந்து நின்ற இடமும் அடுத்த இதழில்.